முரண்பட்ட நாற்பத்தொரு கோப்புகள்

மார்ச் 14, வியாழன், மாலை நாலு பத்து. கொலை வழக்குக் கோப்புகள் 212. நீயும் நானும் முரண்பட்டவை 41.

அன்புள்ள ஐலா, நானும் அம்மாவும் நலம், ஐஸ்லாந்துக் காற்று உன்னைத் தூக்கிக்கொண்டு போகவில்லை என்று நம்புகிறேன். இங்கே ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது, அம்மா நேற்று அதில் துளை போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து விரல் நீளத்தில் ஒரு மீன் பிடித்து வந்தாள், படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொன்னாள், நான் அனுப்பவில்லை, மீனுக்கும் மானம் உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். போன கோடையில் நீ என் ஆய்வில் வேலை செய்தபோது, துணையைக் கொன்றவர்கள் ஒரு வகை, குடிபோதைச் சண்டையில் பழகியவரைக் கொன்றவர்கள் இன்னொரு வகை என்று இருவரும் தனித்தனியே பிரித்தோம். 41 இடத்தில் உன் பதில் வேறாக இருந்தது. நீ கவனமில்லாமல் படித்தாய் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன், கட்டுரையிலிருந்து உன் பெயரையும் எடுத்தேன், நீ குற்றவியலே வேண்டாம் என்று ஐஸ்லாந்து விடுதியில் படுக்கை விரிக்கும் வேலைக்குப் போய்விட்டாய். இன்று மதியம் பட்டாணி சூப் சாப்பிடும்போது ஆவணக்காப்பக ஹெல்வி, அந்தக் கோப்புகளைக் கடைசிப் பக்கம் வரை படித்தாயா என்று கேட்டாள். முதல் பக்கத்துப் போலீஸ் படிவத்திலேயே எல்லாம் இருக்கிறதே என்றேன். “அத நிரப்புனவனும் உன்ன மாதிரி அவசரக்காரன்தான்பா. சூப்ப முடிச்சிட்டுப் போய்ப் படி” என்றாள். படித்தேன். முதல் கோப்பின் படிவத்தில் ‘பழகியவர், மது’ என்றுதான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இறந்தவளின் தங்கை சொல்கிறாள்: ஆறு வருடம் கொன்றவனோடு வாழ்ந்தவள், முந்தின வாரம்தான் பிரிந்து வந்தாள். இப்படி 41இல் 38 உன்னுடையதே சரி. மூன்று என்னுடையது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். துணையைக் கொன்றவர்கள்மேல் முன்பு போலீஸில் புகாரே இல்லை என்ற என் பெரிய முடிவு பாதி கரைந்துவிட்டது, பலர்மேல் இருந்திருக்கிறது. 38 பெண்களைத் தப்பான வரிசையில் வைத்திருந்தேன். கவனமில்லாமல் படித்தவன் நான்தான்.

நன்றாகச் சாப்பிடு, நல்லபடியாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. கல்லூரி விண்ணப்பம் 27ஆம் தேதி முடிகிறது, போடுவதும் விடுவதும் உன் இஷ்டம், ஆனால் என் கோபத்தை வைத்து முடிவு செய்யாதே.

அப்பா தர்மோ

இனி நான் செய்யப்போவது:
1. திங்களன்று அனுப்பவிருந்த கட்டுரையை நிறுத்துவேன்.
2. உன் பெயரைத் திரும்பச் சேர்ப்பேன், என் பெயருக்கு முன்னால்.
3. எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும் திருத்துவேன்.
4. நாம் ஒத்துப்போன 171 கோப்புகளையும் கடைசிப் பக்கம் வரை படிப்பேன். நீயும் ஒத்துக்கொண்டாய் என்பதற்காக அவை சரியாகிவிடாது.