பன்னிரண்டு வீட்டுக்கு நத்தார் விசுக்கோத்து

டிசம்பர் 9, திங்கள்

காலையில் தூறல். பிறகு வெயில். துணி பாதிதான் காய்ந்தது.

ரெஜினா மச்சாள் இன்று பேச்சை எடுத்தார். என் புருசனின் அக்கா. என் பிள்ளைப்பேற்றுக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், பேறு அப்படி ஆன பிறகும் திரும்பிப் போகவில்லை. சமையல், மகள் றீட்டாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, எல்லாம் அவர்தான்.

“விசுக்கோத்துக்கு ஆயித்தம் செய்ய வேணும், பிலோ. வருசா வருசம் இந்த ஒழுங்கையிலை பன்னிரண்டு வீட்டுக்குப் போறது. இந்த முறை போகாட்டி சனம் கதைக்கும்.”

“ஓம்.”

“உமக்கும் மனம் கொஞ்சம் மாறும்.”

அதற்கும் ஓம் என்றேன்.

வேண்டியவை: மா. சீனி (மூன்று கிழமைக் கூப்பன் சீனி மச்சாள் சேர்த்து வைத்திருக்கிறார்). பட்டர். முட்டை. கறுவா, ஏலம், சாதிக்காய். எண்ணெய்க் கடதாசி. சிவப்புச் சாயம், பச்சைச் சாயம்.

யுத்தம் முடிந்தும் கூப்பன் முடியவில்லை.

டிசம்பர் 11, புதன்

மா அரித்தேன். இரண்டு முறை. வண்டு. றீட்டா பக்கத்தில் குந்தியிருந்து எண்ணினாள். பதினேழு வரைக்கும் எண்ணி விட்டுவிட்டாள்.

சீனியை அம்மியில் அரைத்து மெல்லிய துணியில் சலித்தேன். ஐசிங்குக்கு. கை நொந்தது. நோகிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

பால் வற்றுவதற்கு மார்பில் கட்டியிருந்த துணியை இன்று அவிழ்த்தேன். இனித் தேவையில்லை. தோய்த்துக் கொடியில் போட்டேன். மச்சாள் அதை மற்றத் துணிகளுக்குப் பின்னால் தள்ளி விரித்துவிட்டார்.

இரவுச் சாப்பாடு: புட்டு, சொதி. இவருக்குத் துறைமுகத்தில் வேலை கூடவாம்.

டிசம்பர் 14, சனி

நல்ல வெயில்.

இன்றோடு முப்பத்தொன்று. பெரியவர்கள் யாராவது செத்திருந்தால் முப்பத்தொன்றுப் பூசை, சாப்பாடு. பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் இல்லை. ஆகவே பூசையும் இல்லை. யாரும் எண்ணவுமில்லை என்று நினைக்கிறேன். நான் எண்ணினேன்.

மா பிசைந்தேன். பட்டர் உருகப் பார்த்தது. தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து இறுக வைத்தோம். போத்தலால் உருட்டி அச்சால் வெட்டினேன். அச்சு நாலு, மருதானைத் தகரவேலைக்காரன் செய்து தந்தவை. நட்சத்திரம், மணி, மரம், மனிசன். மனிசன் அச்சைக் காணவில்லை. தேடினேன். மச்சாளின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அவர்தான் ஒளித்து வைத்திருக்கிறார். அது சின்ன மனிசன், கையும் காலும் விரித்தபடி கிடக்கும்.

கேட்கவில்லை. நட்சத்திரம் கூடுதலாக வெட்டினேன்.

இவர் சனிக்கிழமைகளில் அரைநாள்தான். ஆனாலும் நாலரைக்குத்தான் வருகிறார். கிட்டங்கியில் சாமான் சரிபார்க்கிறார்களாம். சப்பாத்தில் சிவப்பு மண். துடைத்து வைத்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

எங்கள் தகர அவண் போதாது. ஐந்து தட்டத்தையும் சந்திப் பேக்கரிக்குக் கொண்டுபோனோம். பாண் சுட்டு முடிந்ததும், பின்னேரம் மூன்று மணிக்கு, ஒழுங்கைப் பெண்களுக்குப் போறணை அடுப்பை விடுவார்கள். தட்டத்தில் அடையாளம் கீற வேண்டும். நாங்கள் சிலுவை கீறினோம். இன்னும் நாலு பேர் சிலுவை கீறியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

“ஹரி நோனா, ஹரி” என்று சிங்களத்தில் சரி சொல்லிப் போறணைக்காரர் வாங்கி உள்ளே தள்ளினார்.

நான் போனதும் பெண்களின் கதை நின்றது. வாங்கில் இடம் விட்டார்கள். இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதை மெல்லத் திரும்பியது. எனக்குக் கேட்காதென்று நினைத்திருக்கலாம்.

“பாவம். ஒரு மாசம்தானே.”

“என்ன பாவம்? ஒரு சொட்டுக் கண்ணீர் பாத்தனீரே? நானெண்டால் பாயாலை எழும்பியிருக்க மாட்டன்.”

“கல்நெஞ்சு.”

மச்சாளுக்கு முகம் சிவந்தது. எழும்பப் பார்த்தார். கையைப் பிடித்து இருத்தினேன். எனக்குக் கோபமில்லை. அவர்கள் சொல்வது சரியோ என்றுதான் யோசித்தேன். அழுகை வரும் என்று நானும் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாலு தட்டம் நன்றாக வந்தது. ஒன்று விளிம்பில் கருகல். கருகியது வீட்டுக்கு.

டிசம்பர் 18, புதன்

ஐசிங். மூன்று முட்டை வெள்ளைக்கரு, தேசிக்காய்ச் சாறு, அரைத்த சீனி. அடித்து அடித்துக் கரண்டியில் நிற்கும் பதம். கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி நுனியை வெட்டினேன். முதற் கூம்பு கிழிந்தது. இரண்டாவது சரி.

நட்சத்திரத்துக்கு வெள்ளை ஓரம், நடுவில் சிவப்புப் பொட்டு. மரத்துக்குப் பச்சை. மணிக்கு வெள்ளையில் மூன்று கோடு. போன வருசம் கோடு கோணலாக வந்தது. இந்த வருசம் நூல் பிடித்த மாதிரி.

றீட்டா பொட்டு வைத்தாள். ஆறு வயசு. கதை ஓயாது.

“அம்மா, தம்பி மோட்சத்துக்குச் சம்மனசாப் போயிட்டானெண்டு மாமி சொன்னவ.”

“ஓம்.”

“இல்லையாம். சிஸ்டரைக் கேட்டனான். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையள் மோட்சத்துக்குப் போகாதாம். அதுகளுக்கு வேறை இடமாம். அங்கை நோவும் இல்லையாம், கடவுளும் இல்லையாம்.”

மச்சாள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவளுடைய வாயைப் பொத்தினார். றீட்டா அழுதாள். மச்சாளும் அழுதார். நான் மணிகளை முடித்தேன். நாற்பத்தெட்டு மணி.

நோவு இல்லாத இடம். அது பரவாயில்லை என்றுதான் அப்போது தோன்றியது. இந்த வீட்டையும் அப்படிச் சொல்லலாம்.

டிசம்பர் 20, வெள்ளி

பின்னேரம் மழை. ஐசிங் காயவில்லை, பிசுபிசுப்பு. தட்டங்களை அடுப்படிக்கு மேலே பரணில் ஏற்றினோம்.

ஹாஜரா வந்தார். மூன்றாம் வீடு. புருசன் புறக்கோட்டையில் துணிக்கடை. பெருநாளுக்கு வட்டிலப்பம் அவர்கள் வீட்டிலிருந்து வரும், நத்தாருக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும். அவருடைய தம்பிக்குக் கலியாணம், ஊருக்குப் போய் இரண்டு மாதம் நின்றுவிட்டு நேற்றுத்தான் திரும்பினாராம். மச்சாள் கடைக்குப் போயிருந்தார். நானும் ஹாஜராவும் மட்டும்.

குசினிக்குள் வந்தார். பலகையில் இருந்தார். ஊர்க்கதை ஒன்றும் சொல்லவில்லை.

“புள்ளைக்கு என்ன பேரு வெச்சீங்க?”

ஒரு மாதத்தில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

“வைக்கேல்லை. உயிரில்லாமல்தானே பிறந்தது.”

“எங்கட மூத்தவனும் அப்பிடித்தான் பொறந்த. பேரு வெச்சித்தான் அடக்கின. எத்தின புள்ளன்னு ஆரும் கேட்டா நான் நாலுன்னுதான் சொல்ற.”

அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள். அந்த நாலாவது எதுவென்று நான் இதுவரை யோசித்ததில்லை.

“எங்க அடக்கீக்கி?” என்று கேட்டார்.

“தெரியாது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறந்த அன்று எனக்குக் காய்ச்சல், நினைவில்லை. விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அறை கழுவியிருந்தது. பிள்ளையை நான் காணவேயில்லை. எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அதுதான் அதிசயம்.

மழை விட்டதும் போனார்.

டிசம்பர் 21, சனி

இவர் இன்றும் நாலரைக்கு. தேத்தண்ணீர் கொடுத்தேன். பக்கத்தில் நின்றேன்.

“பிள்ளையை எங்கை அடக்கினனீங்கள்?”

கோப்பையை வாயில் வைத்தவர் எடுத்துவிட்டார்.

“ஏன் இப்ப அதெல்லாம், பிலோ?”

“இடத்தை மட்டும் சொல்லுங்கோ.”

எழும்பிப் பின்பக்கம் போனார். கிணற்றடியில் தண்ணீர் அள்ளும் சத்தம். அதிக நேரம். தேத்தண்ணீர் ஆறிவிட்டது, வெளியே ஊற்றினேன்.

மச்சாள் குசினிக்குள் வந்து தணிந்த குரலில்: “நத்தார் கழியட்டும். அவனும் மனிசன்தானே.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“கோயில் சேமக்காலைப் பக்கம் எண்டு மட்டும் தெரியும். நான் உம்மோடையெல்லோ நிண்டனான்.”

டிசம்பர் 22, ஞாயிறு

பூசை. திரும்பும்போது தலையிடி, மெல்ல வருகிறேன் என்று சொல்லி மச்சாளையும் றீட்டாவையும் முன்னே விட்டேன். பொய். சேமக்காலைக்கு நடந்தேன். அரை மணித்தியாலம். வெயில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். டிராம் பாதை கடந்து, விறகு அடுக்கி விற்கும் காலையையும் தாண்டி.

காவல்காரர் இந்தியாவிலிருந்து வந்தவர், வயசாளி. யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார். பெயர் சொல்ல இல்லை. “போன மாசம். பச்சைப் பிள்ளை. ஞானஸ்நானம் இல்லை” என்றேன். என் குரல் கடையில் சாமான் கேட்பதுபோல இருந்தது.

“தெரியுமுங்க. வாங்கம்மா.”

கல்லறைகளுக்குள் போகவில்லை. கடைசி மதிலைச் சுற்றி வெளியே போனார். சுவாமியார் மந்திரிக்காத நிலம். சிவப்பு மண். தொட்டாற்சுருங்கி. சின்னச் சின்னத் திட்டிகள், ஏழெட்டு. ஒன்றுக்கும் சிலுவை இல்லை. அதில் ஒன்றில் மட்டும் புல் இல்லை. ஓரம் சுற்றிக் கல் அடுக்கியிருந்தது.

“இதுதாங்க. ஐயா சனிக்கிழமை சனிக்கிழமை வந்துருவாரு. யார்கிட்டயும் பேச மாட்டாரு. புல்லைப் புடுங்குவாரு. கொஞ்ச நேரம் குந்தியிருப்பாரு. போயிருவாரு.”

“எந்த ஐயா?”

“துறைமுகத்து ஐயாங்க. நேத்தும் வந்தாரே.”

நின்றேன். கல் எண்ணினேன். இருபத்திரண்டு. ஒன்று உடைந்த ஓடு. ஒன்றும் வரவில்லை எனக்கு. செபம்கூட வரவில்லை. இவருக்குக் குந்தினால் முழங்கால் நோகுமே என்று நினைத்தேன். அதுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து மத்தியானம் சோறு, மீன்குழம்பு. சாப்பிட்டேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

விசுக்கோத்து பங்கிட்டோம். ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு: நட்சத்திரம் 5, மணி 4, மரம் 3. தையல் துணியால் மூடி, றீட்டாவும் மச்சாளும் கொண்டுபோனார்கள். ஹாஜரா வீட்டுக்கு மட்டும் நானே போனேன். ஒழுங்கையில் அன்று பேக்கரியில் கல்நெஞ்சு என்ற அந்த அம்மா தன் வாசலில் நின்றார். மச்சாள் கொடுத்த தட்டோடு எதிரே வந்து, “இந்த முறை நல்ல வடிவாச் செய்திருக்கிறீர், பிலோ” என்றார். கண் கலங்கியிருந்தது. “ஓம், கோடு நேரா வந்திட்டுது” என்றேன்.

பின்னேரம் இவர் பாலன் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். றீட்டா ஆட்டுக்குட்டிகளை அடுக்கினாள். அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் கேட்டேன்.

“சனிக்கிழமை எத்தினை மணிக்குப் போறனீங்கள்?”

வைக்கோலைப் பிடித்த கை அப்படியே நின்றது. நிமிரவில்லை.

“ஆர் சொன்னது?”

“ஞாயிற்றுக்கிழமை போனனான். காவல்காரர் காட்டினவர்.”

வைக்கோலை மறுபடி பரப்பினார். றீட்டா வந்துவிட்டாள்.

“ரெண்டு மணிக்கு” என்றார்.

டிசம்பர் 25, புதன்

விடியற் பூசை. எனக்குப் புதுச் சீலை மச்சாள் உடுத்தி விட்டார். பாலன் சுரூபத்தை முத்தி செய்ய வரிசை. நானும் போய் முத்தமிட்டேன். மரப் பாதம், குளிர். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள்.

வீட்டுக்கு வந்த தட்டுகள்: கேக் 6, கொக்கிஸ் 2, தொதல் 1. எறும்பு ஏறாமல் கால்களைத் தண்ணீரில் வைத்தேன், மேசைக் கால்களைத்தான்.

றீட்டாவுக்கு வயிற்றுக்குத்து. விசுக்கோத்து.

டிசம்பர் 28, சனி

மப்பு. மழை இல்லை.

ஒரு மணிக்கு இவர் வந்தார். சாப்பிடவில்லை. எங்கே போகிறோம் என்று மச்சாள் கேட்கவில்லை, றீட்டாவைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். நடந்தோம். அவர் எப்போதும் முன்னால் போகிறவர். இன்று பக்கத்தில்.

மதிலுக்கு வெளியே அவர் குந்திப் புல்லைப் பிடுங்கினார். பிடுங்க அதிகம் இல்லை. நானும் குந்தினேன். பேற்றில் கிழிந்து தைத்த இடம் இன்னும் இழுக்கிறது.

“எப்பிடி இருந்தவன்?” என்று கேட்டேன்.

“முடி நிறைய. கறுப்பு. காது உம்மடை காது, மடிஞ்சு.”

“பிறகு?”

“பிறகென்ன.” கல் ஒன்றைத் தூக்கி அதே இடத்தில் வைத்தார். “மருத்துவிச்சி துணியிலை சுத்தித் தந்தவ. நான் குசினிக்குள்ளை கொண்டுபோய்க் குடத்துத் தண்ணி எடுத்து ஊத்தினனான். தலையிலை. மூண்டு தரம். ஞானஸ்நானத்திலை சொல்ல வேண்டியதையும் சொன்னனான். சுவாமியார் அது சேராது எண்டவர். மூச்சில்லாத பிள்ளைக்கு ஊத்தின தண்ணி சேராதாம். அதாலைதான் இஞ்சை. உமக்கு எப்பிடிச் சொல்லுறது, பிலோ? உள்ளுக்கு இடம் எடுத்துக் குடுக்கேலாமல் போச்சு எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

அவர் அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும். இத்தனை வருசத்தில் நான் கண்டதில்லை. எனக்கு இன்னும் வரவில்லை. அவருடைய முதுகில் கை வைத்தேன். சட்டை நனைந்திருந்தது. கையை எடுக்கவில்லை.

தண்ணீர் ஊற்றினால் பெயர் சொல்ல வேண்டுமே என்று அப்போதுதான் தட்டியது.

“பேர் சொல்லித்தானே ஊத்தினனீங்கள்?”

“ஓம்.”

“என்ன பேர்?”

“சவிரிமுத்து. உம்மைப் பெத்த ஐயாவின்ரை பேர்.”

நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சத்தமாக. இரண்டாம் முறை சொல்லத் தொடங்கினேன், முடிக்க முடியவில்லை.