இரண்டு வாட்டைத் தின்றது யார்

மார்ச் 4, செவ்வாய்
கட்டைவிரல் அளவு மோட்டார். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று. பல் மருத்துவர் கைக்குப் போகிற சாமான், சூடானால் நோயாளியின் கன்னம் வெந்துவிடும். வீணாகிற சக்தி மூன்று வாட் என்கிறது என் கணக்கு. அளந்தால் ஐந்து. மிச்ச இரண்டை யார் தின்றார்கள்?

மார்ச் 5
அளக்கும்போது மோட்டாரைப் பிடித்துக்கொள்ள நானே கடைந்த அலுமினிய வளையத்துக்கு இன்று மறுபடி மெருகு போட்டேன். பழைய மரப்பிடி பார்க்கச் சகிக்காது. போன மாதமே மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றுகிற அக்கா தலையில் கட்டிவிட்டேன். வளையத்தில் முகம் தெரிகிறது. தலையில் மிச்சமிருக்கிற முடியை எண்ணலாம்.

மார்ச் 7
கணக்கை நாலு தடவை பார்த்தாயிற்று. தப்பில்லை. அப்படியென்றால் கம்பிதான். அக்கா இருபது மெல்லிய கம்பிகளைச் சேர்த்து முறுக்கிச் சுருளாக்குவார். முறுக்கு சரியில்லாவிட்டால் கம்பிகளுக்குள்ளேயே மின்சாரம் சுற்றி வீணாகும். டீ நேரத்தில் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்: "அக்காவுக்குக் கை தளர்ந்துபோச்சு போல." நல்ல சிரிப்பு கிடைத்தது.

மார்ச் 10
மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லையாம். சுருள் வேலையை வெளியில் மெஷினுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். வெள்ளிக்கிழமை முடிவு. இருபத்திரண்டு வருஷம் சுற்றின கை அது.
அக்கா முறுக்கும்போது கம்பியின் மறுமுனையை நான்தான் பிடிப்பேன். அதுதான் எங்கள் வம்பு நேரம். இன்று போனால், முனையை ஜன்னல் கைப்பிடியில் கட்டியிருக்கிறார். "வாங்க சார்" என்றார். எனக்கு நாற்பத்தொன்பது வயசான பிறகும் என்னைத் தம்பி என்று கூப்பிடுகிற ஒரே ஆள். சாராம்.

மார்ச் 11
வீட்டில் புலம்பினேன். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று சொல்லிவிட்டு மனைவி துணி மடிக்கப் போய்விட்டாள். இவளுக்கு மின்காந்தம் பற்றி என்ன தெரியும்?

மார்ச் 12
அக்கா வந்து மோட்டாரைக் கேட்டு வாங்கிப் போனார். தன் மேசையில், அந்த மரப்பிடியில் வைத்து முழு வேகத்தில் ஓட்டி, மின்சாரத்தை நிறுத்தினார். மோட்டாரின் விசில் சத்தம் தேய்ந்து ஓய ஆறரை வினாடி. என் மேசையில் நாலுதான்; சக்தி அதிகம் வீணானால் சீக்கிரம் நிற்கும்.
"அதே மோட்டார், அதே கம்பி. உங்க மேசைக்கு வந்தாத்தான் என் கை தளருதா, சார்?"
திரும்பி வந்து வளையத்தைத் தொட்டேன். சுட்டது. சுழல்கிற காந்தத்துக்குப் பக்கத்தில் அலுமினியம் இருந்தால் அதற்குள் மின்சாரம் கிளம்பும், சூடாகும் — வருஷா வருஷம் புது ஆட்களுக்கு இதை நான்தானே வகுப்பெடுக்கிறேன்? நான்தானே? எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது இப்போ?
மரப்பிடியில் அளந்தேன். மூன்று புள்ளி ஒன்று.

மார்ச் 13
அறிக்கை. "பிடிமானத்தின் தாக்கம்" என்று எழுதினேன். அடித்தேன். "எதிர்பாராத சூழல்" — அதையும். கடைசியில்: நான் செய்த வளையம்தான் இரண்டு வாட்டைத் தின்றது. சுருளில் குறையில்லை.

மார்ச் 14
அதையே டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் வாசித்தேன். போன வாரம் சிரித்தவர்களே சிரித்தார்கள், இந்தத் தடவை என்னைப் பார்த்து. "சரி, மெஷின் பேச்சை விடுங்க" என்றார் மேனேஜர். அக்கா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 17
சார்தான் இன்னும்.

மார்ச் 19
என் வளையம் இப்போது அக்கா மேசையில் இரண்டு பென்சிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஜன்னல் கைப்பிடியில் கம்பி இல்லை.
"என்ன வேடிக்கை, தம்பி? முனையைப் பிடி. வாயைத் திறக்காம பிடி."
அரை மணி நேரம் பிடித்தேன். திறக்கவில்லை.