நத்தைக்குப் பெயர் இல்லை

உ

அலுவிகாரை,
மாத்தளை.
22.02.1998

அன்புள்ள அத்தானுக்கு,

பாலேஸ்வரி எழுதுகிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமுன் முகாமில் ஒருவர் பிரித்துப் படிப்பார் என்று சட்டத்தரணி ஆறுமுகநாதன் சொன்னார். படிக்கும் ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, படித்து முடித்ததும் தயவுசெய்து நான் மடித்த மடிப்பிலேயே மடித்துக் கொடுங்கள். என் கணவர் படவரைஞர். கோணல் மடிப்பைக் கண்டால் செய்தியை விட்டுவிட்டு மடிப்பை நீவிக்கொண்டு இருந்துவிடுவார்.

நான் சுகமாக இருக்கிறேன். பள்ளிக்கூடம் போய் வருகிறேன். உடுக்க இரண்டு சாரம், துடைக்க ஒரு துவாய், சவர்க்காரம், உங்கள் சளிக்கு மருந்து எல்லாம் சட்டத்தரணியிடம் கொடுத்துவிட்டேன். வந்து சேர்ந்ததா என்று எழுதுங்கள்.

கண்டியில் குண்டு வெடித்த கிழமை உங்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, பிறந்த இடம் சாவகச்சேரி என்று இருப்பதால்தான் என்று நினைத்தேன். வில்கமுவை அலுவலகத்தில் உங்களோடு பிடிபட்ட மற்ற இருவரும் மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் ஏன் வரவில்லை என்பது முந்தாநாள்தான் தெரிந்தது. சட்டத்தரணி ஒரு போட்டோ கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பார்த்தால் உங்கள் சதுரக்கோட்டுக் கொப்பி!

அத்தான், தெரியாமல்தான் கேட்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கொம்பியூட்டரில் ஆடுகிற ஒரு விளையாட்டுக்கு இத்தனை அழகாகப் படம் வரைவானேன்? பென்சிலில் சுரங்கப் பாதைகள், சிவப்பு மையில் மறைகுழிகள், பக்கத்துக்குப் பக்கம் அளவுத்திட்டம். போதாக்குறைக்கு வடக்குக் குறி வேறு! எங்கேயும் இல்லாத ஒரு பாதாளத்துக்கு வடக்கு என்ன, தெற்கு என்ன? கடைசிப் பக்கத்தில் பட்டியல். பாம்பு: விஷம், தூரத்தில் வைத்தே கொல். பூதம்: இரண்டு வந்தால் ஓடு. நத்தை: ஒன்றும் செய்யாது, மிகவும் பயன்படும், கொல்லாதே, பின்னால் போ.

இதை வாசித்த பொலிஸ் என்ன நினைக்கும்? இது காட்டுக்குள் இருக்கும் ஒரு முகாமின் நிலவறை, சிவப்புப் புள்ளி எல்லாம் மிதிவெடி, நத்தை என்பது வெடியில் படாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் வழிகாட்டி என்று நினைத்திருக்கிறார்கள். அந்த நத்தை யார், எந்த ஊர், பெயர் என்ன என்றுதான் உங்களைக் கேட்கிறார்களாம்.

சட்டத்தரணி போன பிறகு சிரித்தேன். பிறகு அழுதேன். சனிக்கிழமைகளில் நீங்கள் பஸ்ஸால் இறங்கி வந்து, குசினி வாசலில் நின்று, இந்த நத்தையைப் பற்றிச் சொன்னது நினைவு வந்தது. நான் நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டு ம், ம் என்றேனே தவிரக் கேட்கவே இல்லை. ஒழுங்காகக் கேட்டிருந்தால் இன்று பாதி வேலை மிச்சம்.

இது வெறும் விளையாட்டு என்று சட்டத்தரணியிடம் சொன்னேன். அம்மா, நீங்க சொல்றத நான் நம்புறேன், அவங்க கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க என்றார். சரி, பார்க்கட்டும். காட்டுவதற்கு நான் இருக்கிறேன். நாளைக்கே மாத்தளை டவுனில் மக்கீனின் கொம்பியூட்டர் வகுப்பில் சேரப் போகிறேன். முப்பத்தொன்பது வயதில் உனக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள். தேவை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். முத்துமாரி பார்த்துக்கொள்வாள்.

உங்கள்
பாலேஸ்வரி

•

அலுவிகாரை,
15.03.1998

அன்புள்ள அத்தானுக்கு,

பாலேஸ்வரி எழுதுகிறேன். மூன்று கிழமையாகப் பதில் இல்லை. கடிதம் வந்து சேரவில்லையா, எழுத விடவில்லையா தெரியாது. நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

இதுவரை எழுபத்திரண்டு தடவை செத்துவிட்டேன். பயப்படாதீர்கள், விளையாட்டில்தான். அந்த விளையாட்டு மக்கீனிடமும் இருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் என்று ஒன்றும் இல்லை. எஸ் என்ற எழுத்துத்தான் நத்தையாம்! முதல் நாள் எலி கடித்துச் செத்தேன். எப்படித் திரும்ப எழுப்புவது என்று மக்கீனைக் கேட்டேன். அப்புடி எழுப்பேலா டீச்சர், இதுல ஒரே ஒரு ஹயாத்துதான், மவுத்தானா முடிஞ்சிச்சு என்றார். ஒரே உயிர், செத்தால் அவ்வளவுதான்! நல்ல விளையாட்டு தேடிப் பிடித்தீர்கள்.

தொடக்கத்தில் நத்தையைக் கண்டாலே எனக்கு எரிச்சல். நான் மூன்று அடி வைத்தால் அது ஒரு அடி வைக்கிறது. ஒடுங்கிய பாதையில் முன்னால் ஊர்ந்துகொண்டு வழி விடாது. ஒரே வெட்டில் சாகும் பிராணிதானே என்று ஏழெட்டைக் கொன்றேன். ஒவ்வொரு முறையும் நாலு அடி தாண்டுமுன் மறைகுழியில் விழுந்தேன். பிறகுதான் உங்கள் பட்டியல் விளங்கியது. நத்தை குழி மேல் போவதில்லை. அது போன தடம் சின்னச் சின்னக் குறியாகத் திரையில் நிற்கிறது. அந்தத் தடத்தில் கால் வைத்தால் ஒன்றும் நடக்காது. பொறுமை இருந்தால் போதும். எனக்கு அது இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக் காத்தாயி நேற்று வந்தாள். ஏன் டீச்சர், ஐயா உள்ள இருக்காரு, நீங்க டவுன்ல போயி வெளையாடிக்கிட்டு இருக்கீங்களாமே, பஸ்ஸில எல்லாம் பேசுறாங்க என்றாள். ஆமாம், நன்றாகப் பேசச் சொல்லு என்றேன். பாவம், ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள்.

இனி முக்கியமான சங்கதி. புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பாதாளம் வேறு மாதிரி வருகிறது. நான் மக்கீனின் கொம்பியூட்டரில் நூறு தடவை ஆடினாலும் உங்கள் கொப்பியில் இருக்கும் இடம் வராது. அது நீங்கள் பாதியில் நிறுத்திவைத்த ஆட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்த ஆட்டம் பதிந்திருக்கும் டிஸ்கட், கொப்பியோடு சேர்த்துச் சீல் வைக்கப்பட்டுப் பொலிஸில் இருக்கிறது. பிரதி எடுக்க விடமாட்டார்களாம். திறந்தால் அந்த ஆட்டம் டிஸ்கட்டில் இருந்து அழிந்துவிடும், திரும்பத் திறக்க முடியாது. திரையிலும் நிற்கிற அறை மட்டும்தான் தெரியும், மிச்சத்தை நடந்து காட்ட வேண்டும். நடுவில் செத்தால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

சட்டத்தரணியும் நானும் நாலு முறை பொலிஸுக்கு நடந்தோம். நாலாம் முறை இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டார். மார்ச் 31ஆம் திகதி பகல் பத்து மணிக்கு, மக்கீனின் வகுப்பில், அவர் முன்னால் டிஸ்கட்டைத் திறக்கலாம். ஒரே ஒரு தடவை. நீங்கள் நிறுத்திய இடம் இருக்கும் கொப்பியின் ஒன்பதாம் பக்கம் திரையில் அப்படியே வந்தால், இது விளையாட்டுத்தான் என்று எழுதித் தருவதாகச் சொன்னார்.

ஆகவே சட்டத்தரணி மூலம் ஒரு பதில் வேண்டும். நிறுத்தும்போது உங்கள் ஆளுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் இருந்தது? நத்தை எந்தப் பக்கம் நின்றது? படிக்கும் ஐயா, இது சங்கேத பாஷை இல்லை. விளையாட்டைப் பற்றித்தான் கேட்கிறேன். அடித்துவிடாதீர்கள்.

தெம்பாக இருங்கள்.

உங்கள்
பாலேஸ்வரி

•

அலுவிகாரை,
05.04.1998

அன்புள்ள அத்தானுக்கு,

பாலேஸ்வரி எழுதுகிறேன். உங்கள் பதில் கிடைத்தது. உயிர் நாலு, நத்தை மேற்கு வாசலில் என்று ஒரே வரி. அந்த ஒரு வரியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

நாலு ஒன்றுக்கும் போதாது. குழியில் ஒருமுறை விழுந்தாலே ஐந்து போகும். முப்பதாம் திகதி பள்ளிக்கூடத்தில் லீவு போட்டு, வேண்டுமென்றே உயிரை நாலுக்குக் குறைத்துவைத்துப் பகல் முழுவதும் பழகினேன். மக்கீன் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு எனக்காக இடத்தை ஒதுக்கித் தந்தார். இவர் செய்த உதவியை மறக்கக் கூடாது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் சரியாகப் பத்து மணிக்கு வந்துவிட்டார். நம்மைவிட இளையவர். சீலை உடைத்து டிஸ்கட்டை மக்கீனிடம் கொடுத்தார். கொப்பியின் ஒன்பதாம் பக்கத்தை மடியில் விரித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டத்தரணி பின்னால் நின்றார். உங்கள் ஆள் திரையில் வந்தார். நீங்கள் விட்ட இடத்தில் அப்படியே நின்றார். உங்களையே பார்த்த மாதிரி இருந்தது.

நத்தை மேற்கு வாசலில் இருந்தது. அதன் பின்னால் போனேன். முதல் அறை பொருந்தியது, இரண்டாவதும் பொருந்தியது. இன்ஸ்பெக்டர் பென்சிலால் சரி போட்டார். நத்தை ஊர்கிற வேகத்தைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. மிஸ், அதை அடித்துப் போட்டுவிட்டுப் போங்கள், எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். மாட்டேன் சேர், உங்கள் கையில் இருக்கும் கொப்பியிலேயே கொல்லாதே என்று எழுதியிருக்கிறது என்றேன். என்னையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

மூன்றாவது பாதையில் நத்தை திடீரென்று திரும்பி என்னை நோக்கி வந்தது. ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய பாதை. வெட்ட வேண்டும், இல்லையென்றால் பின்வாங்க வேண்டும். வந்த தடத்திலேயே பதினேழு அடி பின்னால் நடந்து, அறைக்குள் ஒதுங்கி அதற்கு வழி விட்டேன். அந்த நேரம் பார்த்து வடக்கு வாசலால் ஒரு நாய் பாய்ந்து வந்து கடித்தது. உயிர் ஒன்றுக்கு வந்துவிட்டது. ஐயோ அம்மா என்று கத்திவிட்டேன். திருப்பி அடித்தால் அடுத்த கடியில் முடிந்துவிடும். நத்தை போட்ட புதுத் தடத்தில் ஏறினேன். நாய் குறுக்கே பாய்ந்தது, தடத்தில் கால் வைக்காமல் குழியில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் கதிரையை இழுத்து முன்னால் போட்டார். அதற்குப் பிறகு நான் ஒரு எழுத்தைத் தட்டப் போனால், பொட்டக் இன்ன, பொட்டக் இன்ன என்று அவரே என்னைப் பொறுக்கச் சொன்னார். நத்தை நகர்ந்த பிறகு, இப்போது போங்கள் என்றார்.

ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் ஆனது. ஆறு அறை, ஒரு கிணறு, பதினொரு குழி, எல்லாம் பொருந்தின. கொப்பியும் திரையும் ஒன்று, இப்படி ஒரு இடம் இலங்கையில் எங்கும் இல்லை என்று அவர் தன் கையால் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. கும்பிடவில்லை.

படியிறங்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உங்கள் பைலைத் தான் வாசித்ததாகச் சொன்னார். நத்தை யார் என்று பத்தொன்பது தடவை கேட்டு எழுதியிருக்கிறார்களாம். பத்தொன்பது தடவையும் ஒரே பதில்: நத்தைக்குப் பெயர் இல்லை, அது ஒன்றும் செய்யாது. மற்றவர்கள் என்றால் இரண்டாம் நாளே யாராவது ஒருவனுடைய பெயரைச் சொல்லிவிடுவார்கள் மிஸ், சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள் என்றார். கேட்பது என்ற சொல்லைச் சொல்லும்போது நிலத்தைப் பார்த்தார்.

பஸ்ஸில் ஏறவில்லை. அலுவிகாரை வரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் உங்கள் மேல் கோபம், அத்தான். யாராவது ஒருத்தர் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாதா? பிறகு, யாரைச் சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். உங்கள் அலுவலக ஆட்களையா? பஸ் கொண்டக்டரையா? யாரைச் சொல்லியிருந்தாலும் இந்நேரம் அந்த வீட்டில் ஒருத்தி சாரமும் சவர்க்காரமும் பொதி கட்டிக்கொண்டு இருப்பாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு நிறைய நேரம் அழுதேன். உங்களைக் கட்டியதற்குப் பெருமைப்பட்டேன். இதை நேரில் சொல்ல மாட்டேன், அதனால் எழுதிவிடுகிறேன்.

ஒன்பதாம் திகதி உங்களை மாத்தளை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இன்ஸ்பெக்டரின் எழுத்தை நீதவானிடம் கொடுக்கப் போகிறோம். விடுவார்கள் என்று சட்டத்தரணி உறுதியாகச் சொல்லவில்லை. அன்றைக்கு விடாவிட்டால் அடுத்த தவணைக்கும் நான் வருவேன், அதற்கு அடுத்ததற்கும் வருவேன். அதற்கிடையில் சிங்களத்தில் எழுதிய எந்தக் காகிதம் கொண்டுவந்தாலும், சட்டத்தரணி வாசித்துச் சொல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னும் ஒன்று எழுதவேண்டும். உங்கள் பதில் உங்கள் எழுத்தில் வரவில்லை. வேறு யாரோ எழுதியிருந்தார்கள். கீழே கையெழுத்தும் இல்லை, பெருவிரல் அடையாளம்தான் இருந்தது. முதலில் உங்களுடையது இல்லை என்றுதான் நினைத்தேன். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரலில் உளி பட்ட பழைய தழும்பு கோடாகத் தெரிந்தது. அது இடது கை விரல். வலது கைக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

எனக்கு இப்போது இரண்டு விரலால் வேகமாகத் தட்டத் தெரியும். படம் வரைகிற வேலையும் இனிக் கொம்பியூட்டருக்கு வந்துவிடும் என்று மக்கீன் சொல்கிறார். எங்கே கோடு, எவ்வளவு நீளம் என்று நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள். நான் போடுகிறேன். வடக்குக் குறியும் போட்டுத் தருகிறேன், ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஒன்பதாம் திகதி காலை எட்டு மணியிலிருந்து நீதிமன்ற வாசலில் நிற்பேன். பச்சைச் சேலை கட்டியிருப்பேன். பொலிஸ் வானில் இருந்து இறங்கும்போது அந்தக் கையைச் சாரத்துக்குள் ஒளிக்காமல் வாருங்கள் அத்தான். எப்படி இருந்தாலும் நான் பார்க்க வேண்டும்.

உங்கள்
பாலேஸ்வரி