மாமியாரைச் சாகடித்தது நான்தான்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முட்டிவலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல் மட்டும்தான், அதுவும் விடுதி டிவியால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை படத்தில் கதாநாயகன் ஒருத்தியை இரண்டரை மணி நேரம் துரத்துகிறான். அதற்குப் பெயர் காதலாம். நம் தெருவில் செய்தால் செருப்பு பிய்ந்துவிடும். தினமும் வரும் தொடர் அதைவிட மோசம். மாமியார் விஷம் கலந்த பாலை மூன்று வாரமாகக் கையில் வைத்திருக்கிறார். பால் இன்னும் திரியவில்லை. மருமகளுக்கு அழுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. நீயும் இதைத்தான் பார்க்கிறாய், கோபித்துக்கொள்ளாதே.

தொடர் ஓடும் நேரத்தில் விடுதிச் சமையல் அக்காவால் அடுப்பை விட்டு நகர முடியாது. நான்தான் தினமும் போய்க் கதை சொல்வேன். இங்கே என்னோடு உட்கார்ந்து பேசுகிறவர் அவர் ஒருவர்தான். போன வாரம் பொறுக்க முடியாமல், மாமியார் அந்தப் பாலைத் தானே குடித்துச் செத்துவிட்டார், மருமகள் வேலைக்குப் போய்விட்டாள் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மறுஒளிபரப்பை அக்காவே பார்த்துவிட்டார். மாமியார் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அடிப்பாவி! என் தங்கச்சிக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டேனே! இனிமே உன் வாயால கதை கேட்டா என்னை என்னன்னு கேளு" என்றார் அக்கா. மூன்று நாளாகச் சோறு போடுகிறார், முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அம்மா, தொடரில் இந்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை நடப்பதை உன் கையெழுத்திலேயே எழுதி அனுப்பு. உன்னை அக்கா நம்புவார். எவ்வளவு அபத்தமாக இருந்தாலும் ஒரு வரியைக்கூட மாற்றாமல் படித்துக் காட்டுகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுது. படித்து முடிக்க நேரம் ஆகவேண்டும்.

படிப்பு மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

உன் மகள்