எந்தக் கை என்று கேட்டார்கள்

தம்பி,

உன் மகள் கொண்டாந்து கொடுத்த பையில உன் முழுக்கை சட்டை ஒண்ணு இருந்தது. இடது கைப் பக்கம் மட்டும் தேங்காயெண்ணெய்க் கறை. துவைச்சும் சிக்கு வாடை போகல.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில ஃபிட்டரா இருந்த வரைக்கும் நீ முழுக்கை போட்டதே இல்ல. நாக்குல புற்று வந்து, பாதியை வெட்டிட்டு, முன்னங்கைச் சதையை ரத்தக்குழாயோட எடுத்து வாயில வச்சுத் தைச்சாங்களே, அதுக்கப்புறம்தான். கையில விழுந்த பள்ளத்துக்குத் தொடைத்தோலைச் சீவி ஒட்டினாங்க.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நீ ஸ்கேனுக்குப் போயிருந்த. டாக்டரம்மா வந்து, அதிகம் புழங்காத கையிலதான் சதை எடுப்போம்னு சொல்லி, எந்தக் கையால சாப்பிடுவாருன்னு கேட்டாங்க. உன் பொண்டாட்டி வலதுன்னு சொல்லிட்டா. பொய்யில்ல. சின்ன வயசுல, பீச்சாங்கையால சோறு தின்றான்னு நம்ம நைனா உன் இடது கையைத் துண்டால முதுகுல கட்டி வச்சு மாத்தினாரு. மாறினது சோறு ஒண்ணுதான். சுத்தியலு, அரம், ஸ்பேனரு எல்லாத்துக்கும் உனக்கு இடது கைதான்.

நான் ஃபிளாஸ்க்கைப் பிடிச்சுக்கினு பக்கத்துலயே நின்னேன். உன் மகளோட மஞ்சள் தண்ணிக்கு, அத்தை நான் இருக்க, தன் அக்காவை முதல் சொம்பு ஊத்த வச்சவ அவ. என்னை யாரும் கேட்கலையே, எல்லாம் தெரிஞ்சவ அவளே சொல்லட்டும்னு இருந்துட்டேன். மறுநாள் இடது கையில பேனாவால கோடு போட்டப்போ, டாக்டருக்குத் தெரியாததான்னு நீயும் கம்முனு இருந்துட்ட.

நாக்கு நல்லா ஒட்டிக்கிச்சு. ரசஞ்சோறு தின்ன, பேச்சும் வந்துது. நாக்குல கைமுடி மொளைக்குது, இனிமே சலூன்காரன்கிட்ட வாயைத் தொறந்து காட்டணும்னு சிரிச்ச. கைதான் பேஜாரு பண்ணிச்சு. ஒட்டின தோலு ஓரமா கறுத்துப் போய், உள்ள நரம்பு வெள்ளையாத் தெரிஞ்சுது. மாசக்கணக்கா டிரெஸ்ஸிங். ஆறின பிறகும் மணிக்கட்டு மடங்கல. அரம் பிடிக்க முடியாதுன்னு கம்பெனியில கேட்டாண்ட வாட்ச்மேனா உட்கார வச்சாங்க.

ஒரு நாள் எண்ணெய் போட்டு நீவி விடும்போது கேட்ட.

"யக்கா, அன்னிக்கு நீயும் அங்கதான இருந்த?"

"இருந்தேன்டா."

"நீயாவது சொல்லியிருக்கலாமில்ல."

கோபமா கூட கேட்கல நீ. நான் கிண்ணத்தை எடுத்துக்கினு உள்ள போயிட்டேன்.

அப்புறம் புற்று கழுத்துல திரும்பி வந்து உன்னைக் கொண்டு போயிடுச்சு. உன் சாவுலயும் நான் அவகிட்ட பேசல. புருஷன் கையைக் கெடுத்தவன்னு சொந்தமெல்லாம் அவளைத்தான் சொல்லுது. போன வாரம் ஊத்துக்கோட்டை சித்தி கூட என் காதுபட சொல்லிச்சு. கேட்டுக்கினு இருந்தேன்.

எனக்கும் அலுத்துப் போச்சு தம்பி. முதல் சொம்பு யார் ஊத்தினா இன்னான்னு இப்போ தோணுது. ஆனா கோபம் தீர்ந்துதுன்னு அவ ஊட்டுக்குப் போய் உட்கார்ந்தா, அன்னிக்கு நான் ஏன் பேசலன்னு அவகிட்ட சொல்லணும். அதனால கோபமாவே இருக்கேன்.