குதிகால் நிற்காத பூட்ஸ்

ஷ்ருன்ஸ், 9 ஜனவரி 1979

அன்புள்ள டூரி,

நலம்தானே? ஒழுங்காகச் சமைக்கிறாயா, மூன்று வேளையும் பார்லி சூப்தானா?

உங்கள் தொழிற்சாலை எங்கள் பனிச்சறுக்கு அணிக்குத் தந்த சிவப்பு பூட்ஸில் இரண்டு வாரமாகச் சறுக்குகிறேன். குதிகால் உள்ளே நிற்கவில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் எழும்புகிறது. கொக்கிகளை இறுக்கினால் விரல்கள் மரத்துப்போகின்றன. மேல்விளிம்பு கெண்டைக்காலின் தடித்த இடத்தில் கடிக்கிறது. நான் திரும்பிய பிறகுதான் சறுக்குக்கட்டை திரும்புகிறது.

நேற்று பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "பூட்ஸ் சரியில்லையா, இல்ல உனக்கு வயசாயிடுச்சா?" எனக்கு இருபத்தொன்பது. பதினேழாம் தேதிப் பந்தயத்தில் முதல் பதினைந்துக்குள் வராவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பதினோரு வருடமாக பூட்ஸ் அச்சு செதுக்குகிறவன் நீ. ஏதாவது செய்.

உன் மெங்கியா


சுவோட்ஸ், 12 ஜனவரி

என் மெங்கியாவுக்கு,

சூப்தான். நீ இல்லாத அடுப்பில் வேறென்ன வேகும்?

மேஸ்திரி லினார்டிடம் உன் கடிதத்தைச் சொன்னேன். பெண்கள் எந்த பூட்ஸைக் கொடுத்தாலும் குறை சொல்வார்கள் என்று சிரித்தார். பூட்ஸ் சரியாகத்தான் இருக்கிறது. மெல்லிய காலுறை போட்டு, கொக்கியை இன்னொரு பல் இறுக்கிப் பார். குதிகாலுக்கு அடியில் வைக்கக் கம்பளித் துண்டுகள் அனுப்பியிருக்கிறேன். பந்தயம் நெருங்கினால் நீ பதறுவது எனக்குப் புதிதல்ல. தைரியமாக இரு.

டூரி


ஷ்ருன்ஸ், 14 ஜனவரி

டூரி,

துண்டுகளை வைத்தேன். கால் உயர்ந்து, மேல்பாதம் இடிக்கிறது. கெண்டைக்காலில் ரத்தம் கட்டியிருக்கிறது. இது என் பதற்றம் மட்டுமல்ல. அணியில் நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் இதே கதி. செரய்னா நேற்று காலுறையைக் கழற்றி என்னிடம் காட்டினாள். "எல்லாருக்கும் ஒரே எடத்துலயாடி கால் கோணலா இருக்கும்?" என்று கேட்டாள். அதற்கான பதில் உன்னிடம் இருக்கும்.

பெண்ணின் காலைப் பார்த்துச் செய்த அச்சு உங்கள் தொழிற்சாலையில் இருக்கிறதா? இல்லையென்றால் என் பழைய பூட்ஸையே போட்டுக்கொள்கிறேன். தோற்றாலும் முழுசாக வருவேன். தொலைபேசியில் மூன்று தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. தந்தி அடி. ஒரு வார்த்தை போதும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மெங்கியா


சுவோட்ஸ், 18 ஜனவரி

மெங்கியா,

பந்தயத்தில் நீ விழுந்ததை வானொலியில் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் நீ பேச விரும்பவில்லை என்கிறார்கள்.

பெண்களுக்கென்று அச்சு கிடையாது. ஆண்களின் அச்சைச் சிறிதாக்கி, சிவப்பு பிளாஸ்டிக் ஊற்றுகிறோம். முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். வெளியே சொன்னால் வேலை போகும் என்று லினார்ட் சொல்லியிருந்தார். தந்தி அலுவலகம் வரை போனேன். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் எழுது.

டூரி


ப்ளூடென்ஸ் ஆஸ்பத்திரி, 24 ஜனவரி

டூரி,

முழங்காலுக்குக் கீழே, பூட்ஸின் விளிம்புக்கு நேராக, இரண்டு எலும்பும் முறிந்திருக்கின்றன. இனி பந்தயம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பந்தயத்தன்று காலை தந்திக்காரர் வந்து போகும்வரை வாசலில் நின்றேன். எனக்கு எதுவும் இல்லை. பெண்களுக்கான அச்சு இல்லையென்றால் நீ சொல்லியிருப்பாய் என்று நம்பித்தான் சிவப்பு பூட்ஸை மாட்டினேன்.

என் துணிகளை சமேடனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடு. நீ வர வேண்டாம்.

செரய்னாவும் மற்ற மூவரும் அடுத்த வாரமும் இதே பூட்ஸில்தான் இறங்கப்போகிறார்கள். என்னைப் பார்க்க வந்தபோது அளந்தேன்; அவர்களின் குதிகால் அகலம், கெண்டைக்கால் உயரம், சுற்றளவு எல்லாம் இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அச்சு செதுக்கு. லினார்டிடம் கேட்காதே.

மெங்கியா