பழிப்புக் காட்டவில்லை

மார்ச் 3, செவ்வாய்
பாஸ்போர்ட் போட்டோவுக்கு நம் ஸ்டூடியோவில் ஒரே கூட்டம். மகள் இன்றும் உதவிக்கு வரவில்லை. தொண்டை வலி, காய்ச்சல் எல்லாம் போன வாரமே விட்டுவிட்டது. இன்னும் "அசதியா இருக்குப்பா" என்று சுருண்டு கிடக்கிறாள். பதினாறு வயதில் என்ன அசதி? செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம்.

மார்ச் 5, வியாழன்
அடித்துவிட்டேன்.
பரீட்சை விண்ணப்பத்துக்காக அவளையே படம் எடுக்க உட்கார வைத்தேன். வாயை வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு ஒரு சிரிப்பு. "நேரா வைம்மா" என்றேன். மறுபடி அதே கோணல். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். "எனக்கே பழிப்புக் காட்டுறியா?" என்று இடது கன்னத்தில் ஒன்று வைத்தேன். எழுந்து போய்விட்டாள். கொழுப்பு.

மார்ச் 6
அவள் குடித்த தண்ணீர் வாயோரமாக வழிந்தது. இடது கண் மூடவில்லை. மனைவி அலறிவிட்டாள்.

டாக்டரம்மா கழுத்தில் நெறிகட்டியிருந்ததை அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். போன வாரம் வந்தது சுரப்பிக் காய்ச்சல் என்ற வைரஸ் காய்ச்சலாம். அபூர்வமாகச் சிலருக்கு அது முக நரம்பைத் தாக்குமாம். மூளையையும் தொட்டிருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கவேண்டும்.
"வாய் எப்ப கோணிச்சு?"
"காலைல எழுந்தப்போ" என்றாள் மகள், என்னைப் பார்க்காமல்.

நான் வாயே திறக்கவில்லை. நேற்றே கோணியிருந்தது. முகத்தைப் பார்த்தே பிழைக்கிறவன், எனக்குத் தெரியலையே! உடம்பு முடியாத பிள்ளையைப் போய் — பாவி, பாவி.

மார்ச் 9
மூளைக்கு ஒன்றுமில்லை. அந்த மட்டும் நிம்மதி. கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது பிளாஸ்டர்.
'ப' சொல்ல உதடு ஒட்ட மாட்டேன் என்கிறது. என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். வாய் வரவில்லையா, மனசு வரவில்லையா?

மார்ச் 14
"நீங்க ஒருத்தர்தான் தைரியமா இருக்கீங்க" என்றாள் மனைவி. தைரியமாம்.

ஏப்ரல் 2, வியாழன்
கண் மூடுகிறது. வாயும் பெருமளவு நேராகிவிட்டது. "முழுசா சரியாயிடும்" என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் கொட்டிவிட்டேன். "முந்தின நாளே கோணியிருந்தது டாக்டர். பழிப்புக் காட்டுறான்னு நெனச்சு அடிச்சுட்டேன்."

மனைவி என்னைப் பார்த்த பார்வை!

"அடிச்சது தப்புதான். ஆனா இது அடியால வந்ததில்ல" என்றார் டாக்டரம்மா.

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். "நிஜமாவா? அப்பா அடிச்சதால இல்லையா?"

அடி வாங்கிய பிறகுதான் கண்ணாடியில் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அடித்தது தெரியாததால்தான் டாக்டர் காய்ச்சல் என்கிறார் என்று நினைத்திருக்கிறாள். "சொன்னா உங்களைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு பயந்தேம்ப்பா."

கோணியது அடிக்கு முன்பே என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையை அன்றே சொல்லியிருக்கலாம். மானத்துக்குப் பயந்து நான் சும்மா இருந்தேன். எனக்காகப் பயந்து அவள் சும்மா இருந்தாள்.

வெளியே வந்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதாள். தொட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவளே வந்து என் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.